கையெழுத்துப் போடாத செவ்வாய்க்கிழமை

இரட்டையர் டென்னிஸ் ஒரு ஆட்டமே இல்லை என்று இருபத்தெட்டு வருடமாக எழுதி வருகிறவன் நான். திருச்சியில் அச்சாகும் ஒரு வார இதழில் கடைசிக்கு முந்தைய பக்கம் என்னுடையது. ஒற்றையரில் தோற்று ஓய்ந்தவர்கள், ஓடத் தெம்பில்லாதவர்கள், தோற்றால் பழிபோட ஒரு ஆள் பக்கத்திலேயே வேண்டும் என்கிறவர்கள் ஒதுங்கும் இடம் அது என்பது என் கட்சி. மாவட்ட ஒற்றையர் போட்டியில் ஒரே ஒரு முறை அரையிறுதி வரை போனவன் என்ற தகுதியில் இதைச் சொல்லி வந்தேன். யாரும் மறுத்து எழுதியதில்லை. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவனை ஒரு இரட்டையர் ஆட்டக்காரியைப் பார்க்கச் சிங்கப்பூருக்கு வரவழைத்தவள் கவிதா. என் சித்தி மகளின் பெண். அங்கேயே பிறந்து வளர்ந்து, ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் சின்னப் போட்டிகளில் ஆடுகிறவள். போனில் மூச்சு விடாமல் பேசினாள்.

“மாமா, நீங்க டபுள்ஸ திட்டி எழுதுறதெல்லாம் அம்மா எனக்கு அனுப்புவாங்க. படிச்சா கோவமா வருது. இந்த தடவ என் பார்ட்னர் சுலஸ்திரி, இந்தோனேசியா. எய்ட்டீன் இயர்ஸ் டபுள்ஸ் மட்டும்தான். இதுதான் அவங்க லாஸ்ட் டோர்னமெண்ட். நேர்ல வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க லா.”

சரி, நேரில் பார்த்தே திட்டுவோம் என்று கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை இறங்கியதுமே சிங்கப்பூர் என் மானத்தை வாங்கியது. கவிதாவின் வீடு பொங்கோலில். பெரிய ரயிலில் பொங்கோல் வரை போய், அங்கே குட்டி ரயில் மாற வேண்டும். குட்டி ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. நான் ஏறியது வேறு வட்டத்தில் ஓடுகிற ரயில். ஜன்னல் வழியாக ஒரே மாதிரி அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டே போய், அரை மணி கழித்து ஏறிய இடத்திலேயே பெட்டியோடு இறங்கினேன். எங்கள் ஊராக இருந்தால் ஓட்டுநரை நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவ்வளவு செலவு செய்து ஊரைக் கட்டியவர்கள், பயணி திட்டுவதற்கென்று ஒரு ஆளை வைக்கவில்லை.

கவிதாவின் பெற்றோர் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் சமையல் இல்லை. அந்த ஊரில் வீட்டில் சமைப்பதைக் குற்றமாக நினைப்பார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் கட்டிடத்தின் கீழே இருந்த கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். நெய்யில் வறுத்ததோ எதில் வறுத்ததோ தெரியாத கறுப்புக் காப்பியில் டின் பால் ஊற்றிக் கொடுத்தார்கள். கும்பகோணம் பக்கத்துக்காரன் குடிக்கிற பொருள் அல்ல அது. இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொண்டேன்.

அங்கேதான் சுலஸ்திரி வந்தார். முப்பத்தாறு வயது. குள்ளம். வெயிலில் கறுத்த முகம், அதைவிடக் கறுத்த கால்கள், காலுறை போட்ட இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம். ஜாவாக்காரர்களில் பலருக்கு ஒற்றைப் பெயர்தானாம். போட்டிக்காரர்களின் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டு அடம்பிடிக்குமாம். அதனால் பதினெட்டு வருடமாக எல்லா நாட்டிலும் அவர் பெயர் “சுலஸ்திரி சுலஸ்திரி” என்றே அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. இதையும் ஒரு குறையாகச் சொல்லவில்லை அவர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வியாழக்கிழமை அவருடைய அம்மா பாத்தாம் தீவிலிருந்து படகில் வருகிறார் என்பதை மூன்று முறை சொன்னார். அம்மா இதுவரை மகள் ஆடி ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. பாத்தாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மகள் ஆடிய ஊர்கள் எல்லாம் விமானம் ஏறிப் போகிற தூரம். இந்தப் போட்டி ஒன்றுதான் படகுத் தூரத்தில் அமைந்தது. இதுதான் கடைசியும்.

“ஒரு மணி நேரப் படகுக்கு உங்கள் அம்மாவுக்குப் பதினெட்டு வருடம் ஆயிற்றா?” என்று கேட்டேன். அப்படித்தான் பேசுவேன், எல்லோரிடமும்.

“ஆமாம். இப்போதுதான் பாஸ்போர்ட் எடுத்தார்” என்றார் சுலஸ்திரி. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் போட்டியில் இரட்டையர் ஜோடிகள் செவ்வாய்க்கிழமை நடுப்பகல் பன்னிரண்டுக்குள் நடுவர் மேசைக்கு நேரில் போய்ப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவர் போட்டால் போதும். போடாத ஜோடி ஆட்டத்தில் இல்லை. மைதானம் கிளமெண்டி பக்கம், கவிதாவின் அலுவலகமும் அங்கேதான்.

“காக், நான் லெவன் ஓ கிளாக் ஓடிப்போய் போட்டுடுறேன். மீட்டிங் இழுத்துச்சுன்னா மெசேஜ் பண்றேன். நீங்க போட்டுடுங்க” என்றாள் கவிதா. ஆங்கிலத்தில் ஒரு முறை அவரிடம், தமிழில் ஒரு முறை என்னிடம். காக் என்றால் மலாயில் அக்கா.

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நான் நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சுலஸ்திரியை லிட்டில் இந்தியாவுக்கு வரச் சொல்லியிருந்தேன். பேட்டி எடுக்க எனக்கு நம் சாப்பாடு வேண்டும். லிட்டில் இந்தியாவைப் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியைக் கழுவித் துடைத்து, மாடுகளை அப்புறப்படுத்தி, எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டியது மாதிரி இருந்தது. மல்லிகைப்பூகூட வரிசையில் நின்றது. பூக்கடைக்காரரிடம் முழம் என்ன விலை என்று கேட்டேன். சொன்ன விலைக்குத் திருச்சியில் ஒரு கல்யாணப் பந்தலே அலங்கரிக்கலாம் என்றேன். “அப்ப அங்கேயே வாங்கிக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு அவர் தொடுப்பதைத் தொடர்ந்தார். அந்தத் தெருவில் எனக்குப் பிடித்த ஒரே பதில் அது.

ஒரு சந்துக்குள் இருந்த கடையில் உட்கார்ந்தோம். எனக்குத் தோசை, அவருக்குப் பிராட்டா. நம் பரோட்டாதான், கடல் தாண்டியதில் பெயரும் சுருங்கி உடம்பும் சுருங்கியிருந்தது. மீன் குழம்பில் தோய்த்து மடமடவென்று சாப்பிட்டார். காலை பத்து மணி.

பேட்டி தொடங்கி ஐந்து நிமிடத்தில் அவருடைய போன் நான்கு முறை ‘டிங்’ என்றது. அம்மா, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, படகுக்கார கம்பெனி, மறுபடி அம்மா. எனக்கு எரிச்சல் வந்தது. நான் என் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அழைப்பு எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று அதை விமானப் பயணத்தில் வைப்பது மாதிரி வைத்திருந்தேன். இந்த ‘டிங்’ ஒவ்வொன்றும் அதில் பதிவானது.

“பேட்டி என்றால் பேட்டி. அதைக் கொஞ்சம் அணைத்துவிடுங்களேன்” என்றேன்.

“கவிதா கூப்பிடலாம்” என்றார்.

“கையெழுத்துதானே? அவள் போட்டுவிடுவாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியாதா?”

கொஞ்சம் தயங்கினார். வயதில் மூத்தவன், கவிதாவுக்கு மாமா, தன்னைப் பற்றி எழுதுவதற்காகக் கடல் தாண்டி வந்தவன் என்று நினைத்திருப்பார். போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அதன் பிறகு அருமையான பேட்டி. இப்போது கேட்டாலும் ஒரு ‘டிங்’ கிடையாது.

சொந்த ஊர் ஜாவாவில் மலாங்; அம்மா பாத்தாமுக்குப் போனது பிறகுதான். பதினெட்டு வயதில் பயிற்சி முகாமில் இரண்டு பெண்களுக்கு ஒரு இடம்தான் இருந்தது. மற்றவளுக்கு உயரம் இருந்தது, அவள் ஒற்றையருக்குப் போனாள். இவரை இடது பக்கம் நிறுத்தி, இனிமேல் உன் பக்கம் இதுதான் என்றார்கள். அந்த உயரமான பெண் இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டாள். இவர் அதே இடது பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றார்.

கூட ஆடியவர்கள் நாற்பது பேர் இருக்கும் என்றார். எண்ணுவதை விட்டுவிட்டாராம். அவித்த முட்டையைத் தவிர எதையும் தொடாத ஒரு தாய்லாந்துக்காரி. முதல் செட்டில் தோற்றால் அழுகிற ஒரு உஸ்பெக் பெண். இரண்டு வருடம் ஒரே அறையில் தங்கியும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாத ஒரு சீனப் பெண். அவளோடு ஆடியதில்தான் கோப்பைகள் அதிகம். வலைக்கு முன்னால் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டும் சைகைகளே அவர்களுக்குப் பேச்சு. ஒருமுறை லண்டன் புல்தரையில் இரண்டாவது சுற்று வரை போனார்கள். மறுவாரம் அந்தச் சீனப் பெண்ணுக்கு இவரைவிட நல்ல ஜோடி கிடைத்தது. ஒரு செய்தி வந்தது. ஒரு பூ, ஒரு கும்பிடு, முடிந்தது.

“எல்லோரும் இப்படித்தான் பிரிவார்களா?”

“எல்லோரும். நானும் அப்படிப் பிரிந்திருக்கிறேன். போனில் சொன்னால் குரல் கேட்கும். அது நல்லதில்லை.”

என் கட்சிக்கு இது தோதாக இருந்தது. பாருங்கள், விசுவாசமே இல்லாத ஆட்டம், என்று மனசுக்குள் ஒரு பத்தி எழுதி முடித்துவிட்டேன். இன்னொரு டீ சொன்னேன். இங்கே அதைத் தே தாரிக் என்கிறார்கள். உயரத் தூக்கி ஆற்றிவிட்டுச் சர்க்கரையை மட்டும் குறைக்க மறந்துவிடுகிறார்கள். பதினொன்றரைக்கு அவர் கைப்பையைத் தொட்டார். “இன்னும் ஒரே ஒரு கேள்வி” என்றேன். அந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி ஆயிற்று.

பன்னிரண்டே காலுக்குப் போனைத் திறந்தார். கவிதாவிடமிருந்து ஐந்து செய்திகள், ஆறு அழைப்புகள். முதல் செய்தி பதினொன்றே கால் ஆவதற்கு முன்பே வந்தது. மீட்டிங் முடியவில்லை, நீங்கள் போய்ப் போடுங்கள். அப்போதே எழுந்திருந்தால் ரயிலில் தாராளமாகப் போயிருக்கலாம். என் போனையும் எடுத்துப் பழைய நிலைக்கு மாற்றினேன். அதிலும் கவிதாதான், நான்கு முறை.

சுலஸ்திரி பிராட்டா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார், கை துடைத்தார், எழுந்தார். ரயிலில் அரை மணிக்கு மேல் நின்றுகொண்டே வந்தார். இடம் இருந்தும் உட்காரவில்லை.

கிளமெண்டியில் நடுவர் மேசையில் இருந்தவர் ஜமால். கடையநல்லூரிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். நான் தமிழில் பேசியதும் எழுந்து நின்று கை கொடுத்தார். அடடா, நம் ஆள், காரியம் முடிந்தது என்று நினைத்தேன். நம் ஊர் வித்தையைத் தொடங்கினேன். மூத்த ஆட்டக்காரர், கடைசிப் போட்டி, தாயார் படகில் வருகிறார், ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆவதில் வானம் இடிந்து விழப் போவதில்லை. எங்கள் தாலுகா ஆபீசில் இதைவிடப் பெரிய கதவுகளை இதைவிடச் சின்னப் பேச்சால் திறந்திருக்கிறேன்.

“அண்ணே, பன்னெண்டுன்னா பன்னெண்டுதாண்ணே” என்றார் ஜமால். “பதினொன்னு அம்பத்தெட்டுக்கு ஒரு ஜோடி மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. உங்களுக்குத் தொறந்தா அவங்க எதுக்கு ஓடுனாங்க, சொல்லுங்க?”

அதற்குள் கவிதா வந்துவிட்டாள். அலுவலக அட்டை கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அவளே ஓடி வந்து பார்த்து, பட்டியல் மூடியது தெரிந்து, வெளியே படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“எய்ட்டீன் இயர்ஸ்! எய்ட்டீன் இயர்ஸ் ஆடுறீங்க, போனப் பாக்கணும்னு தெரியாதா காக்?” அவள் குரல் உடைந்திருந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்து கொட்டினாள். “மறந்துட்டீங்களா? எப்படி மறப்பீங்க?”

“என் தப்பு. போனை அணைத்தேன், மறந்துவிட்டேன். சாரி” என்றார் சுலஸ்திரி.

நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் ஒரே வாக்கியம்தான். திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படிப்பது மாதிரி நின்றேன். எத்தனையோ ஆட்டக்காரர்களைக் கோழை என்று எழுதியவன் நான்.

ஜமால் ஒரு வழி சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதலாம். ஏதாவது ஒரு ஜோடி காயம், காய்ச்சல் என்று விலகினால் இடம் கிடைக்கும். முதல் சுற்றின் கடைசி ஆட்டம் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அதுவரை ஒருவராவது ஆட்ட உடையில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். சுலஸ்திரி உடனே உடை மாற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

புதன்கிழமை அந்தப் பெஞ்சைப் பார்க்கப் பயந்து காத்தோங்குக்கு ஓடினேன். ஊர் பார்க்கப் போகிறேன் என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் சரி என்றுகூடச் சொல்லவில்லை, அவளுக்கு எல்லோர் மேலும் கோபம். அங்கே பூ வேலை செய்த பழைய வீடுகளின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எப்படி வேட்டியோடு வெளியே வந்து பேப்பர் எடுப்பார்களோ தெரியவில்லை. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸை நறுக்கிப் போட்டு, கரண்டியால் அள்ளிக் குடிக்கிற லக்சா சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கண்ணை மூடினேன். யாராவது ஒரு பெண்ணுக்குக் கால் சுளுக்கட்டும் பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக வேண்டாம், இரண்டு நாளில் சரியாகிற சுளுக்கு போதும் என்று திருத்தமும் சொன்னேன். ஐம்பத்தேழு வயதில், விபூதி பூசிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின் கணுக்காலைக் கேட்டு நின்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது.

சாயங்காலம் வேறு போக்கிடம் இல்லாமல் மைதானத்துக்குப் போனேன். சுலஸ்திரி அதே பெஞ்சில். மட்டையின் கைப்பிடித் துணியைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்தப் பக்கம் போன இரண்டு சின்னப் பெண்கள், “அக்கா, இன்றைக்காவது கையெழுத்துப் போட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. பதினெட்டு வருடம் ஆடியவரை இனி இவர்கள் எதற்காக நினைவில் வைத்திருப்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

“என் பெயரைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

அவருக்கு என் கேள்வியே புரியாதது மாதிரி இருந்தது. “பந்து இரண்டு பேருக்கும் நடுவில் போகும். அவள் எடுப்பாள் என்று நான் விடுவேன், நான் எடுப்பேன் என்று அவள் விடுவாள். அப்போது ஒரு ஆள் உடனே சாரி சொல்லிவிட வேண்டும். யார் தப்பு என்று பேச ஆரம்பித்தால் அடுத்த பந்தும் போகும். நாளைக்கு இடம் கிடைத்தால் நான் கவிதாவோடு ஆட வேண்டும். என் மேல் கோபத்தோடு அவள் ஆடுவாள், எனக்குத் தெரியும். வீட்டில் மாமாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் அவளால் ஆட முடியாது.”

“நான் சொல்லிவிடுகிறேன்.”

“ஆட்டம் முடியட்டும்.”

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை படகுத் துறைக்கு அம்மாவை அழைக்க என்னை அனுப்பினார்கள். சுலஸ்திரி பெஞ்சை விட்டு நகர முடியாது, கவிதாவுக்கு மதியம் வரை அலுவலகம். அறுபத்தைந்து வயதிருக்கும், மகளைவிடக் குள்ளம், தலையில் பழுப்புத் துணி, கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிபன் பெட்டி. இபு என்று கூப்பிடுங்கள் என்று கவிதா சொல்லியிருந்தாள், அம்மா என்று அர்த்தம். கூப்பிட்டேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான்.

பேருந்தில் ஏறினோம். நான் ஏற்றியது எதிர்த் திசையில் போகிற பேருந்து. இரண்டு நிறுத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊருக்கு அன்றுதான் வந்தவருக்கு. எழுந்து போய் ஓட்டுநரிடம் மலாயில் கேட்டார், என்னை விரலால் கூப்பிட்டு இறக்கினார், சாலையைக் கடக்க வைத்தார், சரியான பேருந்தில் ஏற்றி ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். டிபன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வெளியே மரங்களைப் பார்த்தேன். சிங்கப்பூரில் மரம் நிறைய.

இரண்டு மணி ஆயிற்று. எந்தப் பெண்ணுக்கும் எதுவும் சுளுக்கவில்லை. எல்லோரும் அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள். கடைசி ஆட்டத்தின் முதல் பந்து போட்டதும் ஜமால் காத்திருப்போர் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். சுலஸ்திரி எழுந்து அவருக்கு நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அரை விடுப்பு போட்டுக் கவிதா அப்போதுதான் வந்தாள். பட்டியலில் இழுத்திருந்த கோட்டைப் பார்த்தாள். பெஞ்சில் டிபன் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இபுவைப் பார்த்தாள். அழுதுவிட்டாள்.

ஜமால் தொண்டையைச் செருமினார். “போட்டியில நான் ஒன்னும் செய்ய முடியாது. ஆனா பயிற்சிக்கு கோர்ட் ஒதுக்குறது என் வேலதான். ஆறாம் நம்பர் நாலு மணிக்கு காலி.” நேற்றே தோற்றுப்போன இரண்டு தாய்லாந்துப் பெண்கள் விமானத்துக்கு நேரம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டார், வந்தார்கள். பந்து பொறுக்க ஆள் இல்லை. என்னைப் பார்த்தார். நான் போய் நின்றேன்.

இருபத்தெட்டு வருடம் நான் இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்த லட்சணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுலஸ்திரி பந்தைப் பார்க்கவே இல்லை, கவிதாவின் கால்களைப் பார்த்தார். கவிதாவின் குதிகால் தூக்கினால் இவர் ஒரு அடி உள்ளே வந்தார். அவள் தடுமாறினால் இவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்தார். கவிதா அடித்த நல்ல அடி எல்லாம் அவளுக்காக இவர் காலி செய்து கொடுத்த இடத்தில் விழுந்தது. கைதட்டல் கவிதாவுக்குத்தான் போகும், ஆட்டம் தெரிந்தவர்கள் யாரும் பார்க்காவிட்டால். என்னைப் போன்றவர்கள் எழுதிய பக்கங்களில் சுலஸ்திரி எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தேன். இருந்திருக்கவே மாட்டார். வெட்கமாக இருந்தது. பந்து என் முழங்காலில் பட்டது, பொறுக்கிப் போட்டேன்.

நாலுக்கு ஆறு என்று தோற்றார்கள். இபு எல்லாப் பந்துக்கும் கைதட்டினார், எதிர்ப்பக்கம் அடித்ததற்கும்.

ஆட்டம் முடிந்து டிபன் பெட்டி திறந்தது. சோறு, பொரித்த தெம்பே, அதாவது புளிக்க வைத்த சோயா வில்லை, மேலே வேர்க்கடலைச் சட்டினி. நான்கு பெண்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இபு ஜமாலைக் கையசைத்துக் கூப்பிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே மலாயில் ஏதோ கேட்டார். ஜமால் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, இது பயிற்சிதான்னு இவங்களுக்குத் தெரியும். செவ்வாக்கிழமையே மக போன் பண்ணி, ‘கையெழுத்துப் போட மறந்துட்டேன்’னு சொல்லுச்சாம். இவங்க நம்பலையாம். ஆறு வயசுல இருந்தே மறுநாளைக்கு வேணுங்கறத முத நாளே எடுத்து வெக்கிற புள்ளையாம். ‘அது யாரையோ காப்பாத்துது, யாருன்னு இவருக்குத் தெரியும்’ங்கறாங்க.”

“எனக்குத் தெரியும்னு அவங்களுக்கு எப்படித் தெரியுமாம்?”

ஜமால் கேட்டார். “பஸ்ல வர்றப்ப நீங்க ஒரு தடவகூட அவங்க முகத்தப் பாக்கலையாம்.”

கவிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் மலாய் புரியும். சுலஸ்திரி அவசரமாக எழுந்து ஏதோ சொல்ல வந்தார். இபு அவரைக் கையால் அமர்த்தினார்.

“நான்தான்” என்றேன். “பேட்டி கெட்டுப்போகுதுன்னு போன அணைக்கச் சொன்னேன். கவிதா கூப்பிடலாம்னு அவங்க சொன்னாங்க. நான் கேக்கல. அப்புறம் அவங்க பழிய ஏத்துக்கிட்டப்ப நின்னு வேடிக்க பாத்தேன்.”

ஜமால் கொஞ்சம் தயங்கி, எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். இபு திட்டத் தொடங்கினார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு திட்டு வாங்கியதில்லை. மலாயில் ஆரம்பித்து நடுவில் ஜாவா மொழிக்கு மாறிவிட்டார் என்று நினைக்கிறேன், ஜமாலும் முழிக்க ஆரம்பித்தார். நான் குனிந்து நின்று முழுதாக வாங்கிக்கொண்டேன்.

“மாமா, நீங்களா?” என்றாள் கவிதா. “நான் ரெண்டு நாளா காக்கிட்ட பேசவே இல்ல மாமா.”

இபு ஓய்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, இந்த முறை மெதுவாக, மலாயில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். ஜமாலும் மெதுவாகவே சொன்னார்.

“‘நீ எழுதுற ஆளாமே. எழுது. எந்த மொழியா இருந்தாலும் சரி, யாரு படிச்சாலும் படிக்காட்டியும் சரி. பதினெட்டு வருஷம் ஆடுனவ கடைசியில கையெழுத்துப் போட மறந்துட்டான்னு எல்லாரும் பேசுறாங்க. எம் மக மறக்கலன்னு எங்கயாவது ஒரு காகிதத்துல இருக்கணும்.’”

சுலஸ்திரி ஆடிய கடைசிப் போட்டியின் அட்டவணையில் அவர் பெயர் இல்லை. என் பத்திரிகை மலாங்குக்கும் போகாது, பாத்தாமுக்கும் போகாது. இருந்தாலும் காகிதம் காகிதம்தான். இந்தப் பக்கத்தில் இருக்கட்டும்: சுலஸ்திரி மறக்கவில்லை. போனை அணைக்கச் சொன்னவன் நான்.